பார்த்ததற்குக் கூலி

1941-இல் அமெரிக்காவின் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழ் ஒரு சோதனை நடத்தியது. நல்ல ஓட்டத்தில் இருந்த ஒரு காரின் காயில் வயரை மட்டும் கழற்றிவிட்டு, அதை நாடு முழுக்க 347 பட்டறைகளில் கொண்டுபோய்க் காட்டினார்கள். பானெட்டைத் திறந்தாலே கண்ணில் படுகிற கோளாறு அது. மாட்டிவிட ஒரு நிமிடம் போதும். 129 பட்டறைகள் ஒழுங்காக நடந்துகொண்டன. மற்ற 218 இடங்களில், அதாவது நூற்றுக்கு 63 இடங்களில், தேவையில்லாத வேலைக்கும் செய்யாத வேலைக்கும் பணம் கேட்டார்கள்.

இதே பாணியில் ஹென்றி ஷ்னைடர் என்ற பொருளியல் ஆய்வாளர் கனெக்டிகட் மாநிலத்தில் நடத்திய ஆய்வு 2012-இல் வெளியானது. ஒரு பழைய காரில் வேண்டுமென்றே சில கோளாறுகளை உண்டாக்கினார். அவற்றில் ஒன்று, பேட்டரி கேபிளைத் தளர்த்திவிட்டது. சில பட்டறைகளில் தான் உள்ளூர்க்காரர் என்றும், சிலவற்றில் ஊரைக் காலி செய்துகொண்டு போகிறவர் என்றும் காட்டிக்கொண்டார். தேவையில்லாததை மாற்றச் சொன்ன பட்டறைகள் இருந்தன. கண்ணெதிரே இருந்த கோளாறைக் கவனிக்காமல் விட்டவை அவற்றைவிட அதிகம். உள்ளூர்க்காரரிடம் வண்டியைப் பார்த்ததற்கான கட்டணத்தைக் குறைத்து வாங்கினார்களே தவிர, வேலையின் தரத்தில் வித்தியாசம் இல்லை. நமக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியான செய்திதான். ‘தெரிஞ்ச மெக்கானிக், நம்மள ஏமாத்த மாட்டான்’ என்பதுதானே இங்கே எல்லோரும் வைத்திருக்கும் ஒரே காப்பீடு?

இந்தச் சிக்கலுக்குப் பொருளியலில் ஒரு தனி இடம் உண்டு. மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இருவர் 1973-இல் எழுதிய கட்டுரையில், வாங்கிய பிறகும் அது தேவைதானா என்று வாங்கியவருக்குத் தெரியாத சேவைகளைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் கார் பழுதுபார்ப்பும் ஒன்று. நோயைச் சொல்கிறவரே மருந்தையும் விற்கிறார். மருந்து தின்ற பிறகு உடம்பு தேறினால், அந்த மருந்தால்தான் தேறியது என்று எப்படி உறுதி செய்வது?

கிளட்ச், சஸ்பென்ஷன், இன்ஜெக்டர் என்று எதை எடுத்தாலும் காரின் சொந்தக்காரர் இந்த நிலையில்தான் இருக்கிறார். பேட்டரி மட்டும் விதிவிலக்கு. ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று கையில் இருந்தால், மெக்கானிக் சொல்வது சரியா தப்பா என்று பள்ளிப் படிப்பு அறிவியலை வைத்தே பார்த்துவிடலாம். அதனால்தான் ஒரு பட்டறையை எடைபோட பேட்டரிப் புகாரைவிட நல்ல உரைகல் கிடையாது என்கிறேன்.

இன்றைக்கும் பெரும்பாலான கார்களில் இருப்பது 1859-இல் பிரான்சில் காஸ்டன் பிளான்டே உருவாக்கிய ஈய-அமில மின்கலத்தின் வாரிசு. 1912-இல் கெடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தபோது, கையால் சுழற்றும் கம்பிக்கு விடை கொடுத்து பேட்டரி காரோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. பெட்டிக்குள் ஆறு செல்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட். ஆகவே முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு இருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12-க்கு வந்துவிட்டால் கால் பங்குதான் மிச்சம். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் அளந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு அளந்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டும்.

அடுத்து செல்ஃப் எடுக்கும்போது ஒருவரை மீட்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். எண் 9.6-க்குக் கீழே விழுந்தால், சார்ஜ் முழுதாக இருந்தும் பேட்டரியில் தெம்பு இல்லை என்று பொருள். பேட்டரிக் கடைகளில் லோடு டெஸ்டர் வைத்துப் பார்ப்பது இதையேதான். மூன்றாவதாக, இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை வர வேண்டும். அதற்குக் கீழே நின்றால் ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ குறை. பழைய ஆட்கள் இன்னும் ‘டைனமோ’ என்றுதான் சொல்வார்கள்; சொல்லிவிட்டுப் போகட்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய், பேட்டரி வெந்துகொண்டிருக்கிறது. அழுகிய முட்டை வாடையும் வரலாம். ஒரு எச்சரிக்கை: எரிபொருள் மிச்சத்துக்காகச் சார்ஜிங்கைக் கணினியே கூட்டிக் குறைக்கும் புதிய கார்களில் இந்த எண் ஏறி இறங்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

காதாலும் பாதி கண்டுபிடிக்கலாம். சாவியைத் திருகினால் ‘டிக்டிக்டிக்’ என்று அடுக்கடுக்காகச் சத்தம் வந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது, ஆனால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் என்றால் செல்ஃப் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். எந்தச் சத்தமும் இல்லை என்றால் கிளட்ச் சுவிட்ச், ரிலே, சாவிக்குள் இருக்கும் சின்ன வட்ட பேட்டரி என்று எதுவாகவும் இருக்கலாம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பற்றவில்லை என்றால் அது பேட்டரியின் குற்றமே இல்லை. இந்த நான்கில் எதைக் கொண்டுபோனாலும் ‘பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடலாமா?’ என்று ஒரே பதில் சொல்லும் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு.

பேட்டரி உண்மையிலேயே சீக்கிரம் சாகிற ஊர்கள்தாம் நம்முடையவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குளிர்நாடுகளில் பனிக்காலக் காலையில் பேட்டரி கைவிடும். அங்கே குளிர்தான் எதிரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் தகடுகளை அரிப்பதும் நீரை ஆவியாக்குவதும் வெப்பம். பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழைய கணக்கு. சித்திரை வெயிலில் வேலூரிலோ திருச்சியிலோ நிழலில்லாத இடத்தில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் பேட்டரி படும் பாட்டை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். நம் ஊரில் மூன்று, நான்கு ஆண்டு உழைத்த பேட்டரி கைவிட்டால் அது கம்பெனிக்காரர் ஏமாற்றியதல்ல, அதன் ஆயுள் அவ்வளவுதான். காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நன்கொடையிலும் எழுந்து 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் இந்த ஈய-அமில பேட்டரி பற்றிய ஆராய்ச்சி பல பத்தாண்டுகளாக நடக்கிறது. எக்ஸைடுக்கு ஓசூரில் ஆலை இருக்கிறது. அமரான் பேட்டரியைச் செய்யும் அமர ராஜா பக்கத்துத் திருப்பதிக்காரர்கள். பேட்டரியைப் பற்றிய அறிவுக்கு நம் வட்டாரத்தில் பஞ்சமில்லை. அது பட்டறை வாசல்வரை வந்து சேர்வதில்தான் பஞ்சம்.

வெயிலுக்கு அடுத்த எதிரி, ஓட்டாமல் விடுவது. ஈயத்தகடுகளில் படியும் ஈய சல்பேட், சார்ஜ் ஏறும்போது கரைந்துவிட வேண்டும். குறைந்த சார்ஜில் நாள்கணக்காக நின்றால் அது கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளங்களில் வரிசையாகக் கார்கள் ‘செத்து’க் கிடந்தது இதனால்தான். தினமும் இரண்டு கிலோமீட்டர் போய்க் காய்கறி வாங்கி வருவதும் ஏறத்தாழ ஓட்டாமல் விடுவதைப் போன்றதே. செல்ஃப் எடுத்ததில் போன மின்சாரம் திரும்பி ஏறுவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. கூடவே ஏசி, முகப்பு விளக்கு, போக்குவரத்து நெரிசல். ‘தினமும் வண்டியை எடுக்கிறேனே’ என்று இவர்கள் நியாயமாகவே கோபப்படுவார்கள்.

வண்டி நிற்கும்போதும் கடிகாரம், அலாரம், கணினி ஆகியவை சொட்டுச் சொட்டாக மின்சாரம் எடுக்கும். 50 மில்லி ஆம்பியர்வரை போனால் சாதாரணம். அதுவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி ஆகிறது. சிறிய கார்களில் இருக்கும் 35 ஆம்பியர் மணி பேட்டரி பதினைந்து நாளில் பாதி காலி. இதன்மேல் நிறுத்தி வைத்தாலும் பதிவு செய்யும் டேஷ்கேம், ஜி.பி.எஸ். கருவி, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் சேர்ந்தால் ஒரு வாரம் தாங்காது. சென்னை ஜி.பி. ரோடு போன்ற இடங்களில் மளமளவென்று அலங்காரச் சாமான்களை மாட்டித் தருகிறார்கள். கையில் திறமை உள்ளவர்கள்தாம். ஆனால் வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றும் அவசரத்தில், சாவியோடு அணைய வேண்டிய இணைப்பு எப்போதும் உயிரோடு இருக்கும் இணைப்பில் போய் உட்கார்ந்துவிடும். அடுத்த ஆறு மாதத்தில் அந்த வண்டிக்காரர் இரண்டு பேட்டரி வாங்குவார். கசிவைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றி மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு மணி நேரம் பிடிக்கும், பொறுமையைத் தின்னும் வேலை. பேட்டரி மாற்ற ஐந்து நிமிடம்.

எல்லாவற்றிலும் மலிவான கோளாறு, டெர்மினல் பூத்துப்போவது. வெள்ளையும் பச்சையுமாகப் படிந்து மின்சாரத்தைத் தடுக்கும். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றித் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினால் முடிந்தது. எர்த் கேபிள் பாடியோடு சேரும் இடம் துருப்பிடித்தாலும் இதே அறிகுறிதான். ஷ்னைடர் தன் ஆய்வுக்குக் கேபிளைத் தளர்த்தியது சும்மா அல்ல. பேட்டரி, ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார் மூன்றையும் வரிசையாக மாற்றிவிட்டுக் கடைசியில் எர்த் கேபிளில் வந்து நின்ற கதை பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் எவரிடமும் ஒன்றாவது இருக்கும்.

அவசரத்துக்கு இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுப்பதில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கறுப்பு கேபிளின் கடைசி முனையை இறங்கிய பேட்டரியின் மைனஸில் மாட்டாமல், சற்றுத் தள்ளி இன்ஜினின் உலோகப் பகுதியில் மாட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பொறி பட்டால் வெடிக்கும். ஆட்டோமேடிக் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயல்வது வீண்.

பேட்டரியை மாற்றத்தான் வேண்டும் என்று உறுதியான பிறகு, வாங்குவதிலும் சில நெளிவுசுளிவுகள் உண்டு. ‘55 மாத வாரண்டி’ என்று எழுதியிருந்தால் 55 மாதமும் இலவசமாக மாற்றித் தருவார்கள் என்று அர்த்தமில்லை. முதல் பகுதிக்குத்தான் இலவச மாற்று. மீதி மாதங்களுக்கு, போன நாளைக் கழித்துக்கொண்டு புதிய பேட்டரியின் விலையில் தள்ளுபடி. அந்தத் தள்ளுபடியைப் பெரும்பாலும் அச்சிட்ட உச்ச விலையில் கணக்குப் போடுவார்கள். கடைக்காரரோ எல்லோருக்குமே உச்ச விலைக்குக் கீழேதான் விற்கிறார். ஆகக் கடைசி மாதங்களில் வாரண்டியால் கிடைப்பது பேரம் பேசினாலே கிடைத்துவிடும். வாங்கும்போது தயாரித்த மாதத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆறு மாதம் கடையில் தூங்கிய பேட்டரி வேண்டாம். மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், புதியதில் 12.5-க்குக் கீழே காட்டினால் வேறு கேளுங்கள். பேட்டரி மேல் இருக்கும் பச்சைக் கண்ணை நம்பி ஏமாற வேண்டாம். அது ஆறு செல்களில் ஒன்றின் நிலையைத்தான் காட்டுகிறது. சிக்னலில் தானாக நின்று கிளம்பும் வண்டிகளுக்கு அதற்கென்று செய்த பேட்டரிதான் போட வேண்டும். விலை குறைவென்று சாதாரணமானதைப் போட்டால் சீக்கிரமே திரும்ப வருவீர்கள்.

பழைய பேட்டரியைக் கொடுத்தால் கழித்துக்கொள்வது தயவு அல்ல. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதற்குச் சந்தையில் நல்ல விலை உண்டு. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டியது தயாரிப்பாளரின் பொறுப்பு. தெருவில் வரும் பழைய இரும்பு வியாபாரியிடம் போட்டால் ஆசிட் சாக்கடையிலும் ஈயப்புகை யாரோ ஒரு குழந்தையின் நுரையீரலிலும் போய்ச் சேரும்.

சரி, எந்தப் பட்டறைக்குப் போவது? கம்பெனி சர்வீஸில் கருவியும் பயிற்சியும் இருக்கும். அங்கே நம்மோடு பேசுகிறவர் வண்டியில் கை வைப்பவரல்ல, சர்வீஸ் அட்வைசர். பல இடங்களில் அவர் தலைமேல் மாத இலக்கு தொங்குகிறது. பேட்டரி பார்க்கப் போன வண்டிக்கு ஏசி சுத்தம், அண்டர்பாடி கோட்டிங் என்று எஸ்டிமேட் நீள்வதன் ரகசியம் இதுதான். தெருமுனை ஷெட்டில் முதலாளியே ஸ்பேனரைப் பிடிப்பார், கேள்வி கேட்டால் வண்டிக்கு அடியிலிருந்தே பதில் சொல்வார். லேபர் குறைவு. ஆனால் உதிரிபாகக் கடை கொடுக்கும் கமிஷனில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது. ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்பதும் அவர் மனசாட்சியைப் பொறுத்தது. இடையில் மைடிவிஎஸ், பாஷ் போன்ற பெயர்களில் பல கம்பெனி வண்டிகளையும் பார்க்கும் சங்கிலிப் பட்டறைகள். கிளைக்குக் கிளை தரம் மாறும். என் தீர்ப்பு: வாரண்டி காலத்தில் கம்பெனி சர்வீஸ், அதன்பின் மின்சாரக் கோளாறுக்கு மட்டும் ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன். பொது மெக்கானிக்குகளில் கைதேர்ந்தவர்கள்கூட வயரிங் என்றதும் தயங்குவார்கள். தயங்கி, ‘இது என் வேலை இல்ல சார், அவர்கிட்டப் போங்க’ என்று கை காட்டுகிறவரை விட்டுவிடாதீர்கள். மற்ற வேலைகளுக்கு அவர்தான் உங்கள் ஆள்.

குளிரூட்டிய காத்திருப்பு அறையும் இலவசக் காபியும் நம்பகத்தின் அடையாளங்கள் அல்ல. விலையைச் சொல்லுமுன் மீட்டரை எடுக்கிறாரா, எண்ணை நமக்குக் காட்டுகிறாரா, கழற்றிய பாகத்தைக் கேட்காமலே திருப்பித் தருகிறாரா, லேபரையும் பாகத்தையும் பில்லில் தனித்தனியே எழுதுகிறாரா, ‘இது இப்ப வேண்டாம், ஆறு மாசம் ஓடும்’ என்று எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் மற்றவற்றில் ஒன்றிரண்டு குறைந்தாலும் பரவாயில்லை.

நாம் பேசும் விதமும் விலையை மாற்றுகிறது. அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், கேம்ரி காருக்கு ரேடியேட்டர் மாற்ற எவ்வளவு ஆகும் என்று ஆண்களையும் பெண்களையும் பட்டறைகளுக்குத் தொலைபேசியில் கேட்கவைத்தார்கள். விலை பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னபோது பெண்களிடம் ஆண்களைவிட அதிகம் சொன்னார்கள். ‘இவ்வளவு ஆகும் என்று கேள்விப்பட்டேன்’ என்று ஒரு தொகையைச் சொல்லிக் கேட்டதும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. தனியாக வண்டியை எடுத்துச் செல்லும் நம் பெண்களுக்கு இதில் உடனடிப் பயன் இருக்கிறது: வீட்டில் அளந்த எண்ணையும் கடையில் விசாரித்த விலையையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

‘வெளியே கை வைத்தால் வாரண்டி போய்விடும்’ என்ற மிரட்டலுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு வாடிக்கையாளரின் புகாரில் தொடங்கிய விசாரணையின் முடிவில், 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தங்கள் சர்வீஸ் மையங்களுக்குள்ளேயே முடக்கி வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளிப் பட்டறைகளுக்கும் அவை கிடைக்க வேண்டும் என்றது ஆணையம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் நடுவண் அரசின் நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. தெருமுனை ஷெட்டுக்கு நல்ல ஸ்கேனர் கருவி வாங்குவது இன்னமும் பெரிய செலவுதான்.

ஏமாற்றம் நடந்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அங்கே தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. பில் மட்டும் வேண்டும். ‘பில் வேண்டாம்னா ஐந்நூறு குறைச்சுக்கலாம்’ என்ற பேச்சுக்குத் தலையாட்டியவருக்கு இந்தக் கதவு அடைத்துவிடும், பேட்டரி வாரண்டியும் கூடவே போகும்.

மின்சாரக் கார் வந்தால் இந்தத் தொல்லை ஒழியும் என்று எண்ணுகிறவர்களுக்கு: அவற்றிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது இறங்கினால், தரைக்குக் கீழே பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி உயிர்பெறாது. 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கட்டுப்பாட்டுப் பகுதியில் வந்த கோளாறுக்காக, 2024-இல் இந்தியாவில் 1,700-க்கும் மேற்பட்ட ஹூண்டாய் ஐயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தார்கள்.

பழியெல்லாம் பட்டறைக்காரருக்கே என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. ஒரு மணி நேரம் ஃபியூஸ் ஃபியூஸாகக் கழற்றிக் கசிவைக் கண்டுபிடித்து, கடைசியில் ஒரு வயரை வெட்டிவிட்டவர் ஐந்நூறு ரூபாய் கேட்டால், ‘ஒரு வயரை வெட்டினதுக்கா?’ என்கிறோம். டெர்மினலைத் தேய்த்து விட்டவருக்கு டீ செலவுக்கு ஐம்பது ரூபாயை நீட்டுகிறோம். அதே ஆள் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் பேட்டரியைத் தலையில் கட்டினால், பொருள் கண்ணுக்குத் தெரிகிறது என்று மறு பேச்சின்றிக் கொடுத்துவிடுகிறோம். பாகத்துக்கு மட்டுமே காசு கிடைக்கும் இடத்தில் பாகம்தான் விற்பனையாகும். அடுத்த முறை வண்டியை விடும்போது, ‘முதல்ல என்னன்னு பாருங்கண்ணே, எதையும் மாத்தலைன்னாலும் பார்த்ததுக்குக் காசு தர்றேன்’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்னபடி கொடுங்கள், பேரம் பேசாமல்.